கருவிப் பெட்டி உருவான விதம்: பழைய ஹோண்டா சிட்டி ஒன்றின் வீட்டுப் பராமரிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைப் புறநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் நண்பர், 2011ஆம் ஆண்டில் வாங்கிய தமது ஹோண்டா சிட்டி காரின் வழக்கமான பராமரிப்பைத் தாமே செய்துகொள்ள முடிவெடுத்தார். உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 1497 சி.சி. பெட்ரோல் எஞ்சின், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களில் டிரம் என்று அமைந்த அந்தக் கார், இன்றைய கார்களோடு ஒப்பிடும்போது கைவைக்க எளிதானது. எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றுவது, ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பேட்டரி ஆகியவற்றைக் கவனிப்பது, முன்சக்கர பிரேக் பேடுகளை மாற்றுவது ஆகியவையே அவர் மனத்தில் இருந்த வேலைகள். கியர் பெட்டியிலோ எஞ்சினின் உட்பகுதியிலோ கைவைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

வேலையைக் கற்றுக்கொள்வதை விட எந்தக் கருவிகளை வாங்குவது என்பதே அவருக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. இணையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் கொண்ட பெட்டி ஒன்றைப் பார்த்து, அதையே வாங்கிவிடலாம் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் என்னிடம் கருத்துக் கேட்டார். அந்தப் பெட்டியைத் தவிர்த்து, ஒவ்வொரு கருவியாகத் தேர்ந்தெடுத்த முறையையும், அதில் சரியாக அமைந்தது எது, இடறியது எது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பெட்டியை விட காரை முதலில் அளந்தது

அத்தகைய பெட்டிகளில் எண்ணிக்கையைக் கூட்டுபவை பெரும்பாலும் சிறிய ஸ்க்ரூ டிரைவர் பிட்டுகளும், ஆலன் சாவிகளும், இந்தக் காரில் எங்குமே பொருந்தாத அளவுகளில் உள்ள சாக்கெட்டுகளும்தான். எனவே ஒரு விடுமுறை நாளில் வெர்னியர் காலிப்பரையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு, செய்யவிருக்கும் வேலைகளில் கழற்ற வேண்டிய ஒவ்வொரு போல்ட்டின் தலையையும் அளந்து எழுதும்படி சொன்னேன். பேட்டரி முனைகளும், ஸ்பார்க் பிளக்குக்கு மேலுள்ள காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் 10 மி.மீ. பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் பிரேக் காலிப்பரின் போல்ட் 12. ஆயில் வடிக்கும் போல்ட்டும், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டும் 17. வீல் நட் 19. ஸ்பார்க் பிளக் 16. அங்கங்கே 8, 14 ஆகிய அளவுகள். இவ்வளவில் பட்டியல் முடிந்துவிட்டது.

இது தற்செயலானதல்ல. ஜப்பானியத் தரமுறைப்படி வடிவமைக்கப்பட்ட கார்களில் எம்8 போல்ட்டின் (மரையின் விட்டம் 8 மி.மீ. உள்ளது) தலை பொதுவாக 12 மி.மீ., எம்10 போல்ட்டுக்கு 14, எம்12 போல்ட்டுக்கு 17. சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. முறையில் அதே போல்ட்டுகளுக்கு 13, 16, 18 என்ற அளவுகள் வரும். ஐரோப்பிய கார்களில் இவற்றோடு நட்சத்திர வடிவப் பள்ளம் கொண்ட டார்க்ஸ் தலைகளும் சேர்ந்துகொள்ளும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் எட்டு உருப்படி டபுள் எண்ட் ஸ்பேனர் தொகுப்பில் 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22 என்று பதினாறு அளவுகள் இருக்கும். அவற்றில் பாதிக்கும் குறைவானவையே இந்த ஹோண்டாவுக்குப் பயன்படும். ஆகவே நண்பர் 8, 10, 12, 14, 17 ஆகிய ஐந்து அளவுகளில் மட்டும், ஒரு முனை ரிங்காகவும் மறுமுனை திறந்ததாகவும் உள்ள காம்பினேஷன் ஸ்பேனர்களைத் தனித்தனியாக வாங்கினார். தபாரியா போன்ற இந்திய நிறுவனங்களின் ஸ்பேனர்கள் உதிரியாகவே கிடைப்பதால், தொகுப்புக்குச் செலவாகும் தொகையில் இதைவிட நல்ல தரத்தில் வாங்க முடிந்தது. 10ஆம் நம்பரில் மட்டும் இரண்டு வாங்கச் சொன்னேன். எஞ்சின் பகுதியில் கை நழுவி விழுந்து, அடிப்பக்கக் கவசத்தில் ஒளிந்துகொள்ளும் உருப்படி எப்போதும் அதுவாகத்தான் இருக்கும்.

சாக்கெட்டுகளில் ஆறு முனையா, பன்னிரண்டு முனையா என்ற கேள்விக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. பன்னிரண்டு முனைச் சாக்கெட்டை இடுக்கான இடத்தில் எளிதாக மாட்டலாம் என்பது உண்மையே. ஆனால் அது போல்ட் தலையின் மூலைகளுக்கு அருகிலேயே அழுத்தம் கொடுப்பதால், துருப்பிடித்த போல்ட்டில் மூலைகள் மழுங்கி, தலை உருண்டுபோகும் வாய்ப்பு அதிகம். பதினான்கு ஆண்டு ஓடிய காருக்கு ஆறு முனைதான். சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடி ராட்செட்டை 3/8 அங்குல அளவில் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு) ஒன்று மட்டும் வாங்கினார். 1/4 அங்குலம் பிரேக் வேலைக்குச் சிறியது; 1/2 அங்குலம் எஞ்சின் பகுதியில் நுழையாது. வீல் நட்டுக்கும் பிராக்கெட் போல்ட்டுக்கும் மட்டும் 1/2 அங்குல அளவில், இறுகிய நட்டை இளக்கும் நீளமான கைப்பிடியான பிரேக்கர் பார் ஒன்றும், 17, 19 ஆகிய இரண்டு சாக்கெட்டுகளும் போதும் என்று முடிவாயிற்று.

கழற்றும் விசையும் இறுக்கும் விசையும்

வீல் நட்டைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹோண்டாவின் கையேடு வீல் நட்டுக்குக் குறிப்பிடும் முறுக்கு விசை 108 நியூட்டன் மீட்டர். காரோடு வரும் வீல் ஸ்பேனரின் பிடி ஏறக்குறைய 25 செ.மீ. நீளம் என்று கொண்டால், அந்த நட்டை அசைக்க அதன் முனையில் 44 கிலோ எடைக்கு நிகரான விசை தர வேண்டும். 50 செ.மீ. பிரேக்கர் பாரில் அது பாதியாகக் குறைந்துவிடும். இதெல்லாம் நட் சரியான அளவில் இறுக்கப்பட்டிருந்தால் மட்டுமே பொருந்தும் கணக்கு. பஞ்சர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் அடித்து ஏற்றிய நட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. நண்பரின் காரிலும் இடது முன்சக்கரத்தின் ஒரு நட் பிரேக்கர் பாரின் மேல் முழு உடல் எடையையும் சாய்த்த பிறகே முனகிக்கொண்டு விட்டுக்கொடுத்தது.

கழற்றப் பயன்பட்ட பிரேக்கர் பாரையே இறுக்கவும் பயன்படுத்துவதுதான் பெரும்பாலோர் வழக்கம். அதைத் தவிர்க்கவே, அமைத்துவைத்த முறுக்கு விசையை எட்டியதும் சொடுக்கி உணர்த்தும் டார்க் ரெஞ்ச். அளவுக்கு மேல் இறுக்கினால், வீல் நட் ஏறும் தண்டான ஸ்டட்டின் மரை இழுபட்டுப் பலவீனமாகும். டிஸ்க்கின் மீது ஏற்றத்தாழ்வான அழுத்தம் விழும். ஆயில் வடிக்கும் போல்ட்டில் இதன் விளைவு இன்னும் மோசமானது. அந்த போல்ட் அலுமினிய ஆயில் பேனில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் குறிப்பிட்ட அளவு 39 நியூட்டன் மீட்டர் மட்டுமே. 'இன்னும் ஒரு இழுப்பு' என்ற பழக்கத்தால் மரை போன ஆயில் பேன்களை எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும் கதை கதையாகச் சொல்வார்.

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் டார்க் ரெஞ்ச் 1/2 அங்குல அளவில், 40 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை அமைக்கக்கூடியது. வீல் நட்டுக்கு அது சரி. ஆனால் இந்தக் காரில் அடிக்கடி தேவைப்படும் மற்ற இரண்டு அளவுகளான ஆயில் போல்ட்டின் 39, காலிப்பர் போல்ட்டின் 23 ஆகிய இரண்டுமே அதன் எல்லைக்குக் கீழே விழுகின்றன. இவ்வகைக் கருவிகள் தம் உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மேல்நோக்கித்தான் நம்பகமாக அளக்கும்; அந்த எல்லைக்குள் ஐ.எஸ்.ஓ. 6789 தரம் அனுமதிக்கும் பிழை 4 விழுக்காடு. எனவே 3/8 அங்குல அளவில் 20 முதல் 110 வரை செல்லும் ரெஞ்ச் ஒன்றைத் தேடினோம். 23, 39, 108 என்ற மூன்று அளவுகளும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. 108 உச்ச எல்லையை ஒட்டி நிற்பதும், கைப்பிடி குட்டை என்பதால் வீல் நட்டுக்குக் கூடுதல் பலம் தேவைப்படுவதும் இதன் குறைகள். இரண்டு ரெஞ்ச் வாங்குவதை விட இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நண்பரும் அதையே தேர்ந்தார். ஸ்பார்க் பிளக்குக்கான 18 நியூட்டன் மீட்டர் இந்த ரெஞ்சுக்குக் கீழே போய்விடுகிறது. அங்கே பழைய முறையே போதுமானது: வாஷரோடு கூடிய புதிய பிளக்கைக் கையால் உட்காரும் வரை திருகி, பின்னர் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்றுக்குள் இறுக்கி நிறுத்திவிடலாம்.

காரைத் தூக்கி நிறுத்துதல்

சிக்கனம் கூடாத இடம் ஒன்று உண்டு என்றால் அது இதுதான். காரோடு வரும் கத்தரி ஜாக்கி, வழியில் சக்கரம் மாற்றுவதற்கானது. அதன் மீது நிற்கும் காருக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது. நண்பர் 2 டன் டிராலி ஜாக்கி ஒன்றும், தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்டு ஒரு ஜோடியும் வாங்கினார். ஸ்டாண்டுகளில் பற்சக்கரம் போன்ற ராட்செட் வகையும், துளையில் ஊசி செருகும் பின் வகையும் உண்டு. முன்னதை வேகமாக ஏற்றி இறக்கலாம். ஆனால் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரெய்ட் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் தனது 3 டன், 6 டன் ராட்செட் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்ற நிகழ்வைக் கருவி வாங்குவோர் அறிந்திருப்பது நல்லது. தயாரிப்பு அச்சுகள் தேய்ந்ததால் சில ஸ்டாண்டுகளில் பல்லும் கொக்கியும் முழுமையாகப் பொருந்தாமல், காரின் எடை அசையும்போது திடீரென இறங்கிவிடும் ஆபத்து கண்டறியப்பட்டது. மாற்றாகக் கொடுக்கப்பட்ட ஸ்டாண்டுகளில் ஒரு வகையையும் அதே ஆண்டில் வெல்டிங் குறைபாட்டுக்காகத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பின் வகையில் எடையைத் தாங்குவது தடித்த எஃகு ஊசி; அது முழுமையாக ஊடுருவி நிற்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதனால் பின் வகை. ஸ்டாண்டின் மீது அச்சிட்டிருக்கும் எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். பல தயாரிப்புகளில் அது ஜோடிக்கான கணக்கு.

குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் இன்டர்லாக் கற்கள் பதித்த தரை என்பதால், ஸ்டாண்டின் கால்கள் ஒரு கல்லின் விளிம்பில் அமர்ந்து சாயக்கூடும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்று வைக்கப்பட்டது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை, ஹேண்ட் பிரேக், கழற்றிய சக்கரத்தைப் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைப்பது ஆகிய மூன்றும் ஒவ்வொரு முறையும் செய்யப்பட்டன. செலவு ஏதும் இல்லாத அந்தக் கடைசிப் பாதுகாப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இடறிய இடம்: டிஸ்க்கின் இரண்டு திருகுகள்

பிரேக் பேடு மாற்றும் வேலை திட்டமிட்டபடியே தொடங்கியது. பேடின் உராய்வுப் பகுதி, ஹோண்டா அனுமதிக்கும் கடைசி அளவான 1.6 மி.மீ.ரை நெருங்கியிருந்தது. ஆனால் டிஸ்க்கை வெர்னியரால் அளந்தபோது, அதன் மீதே பொறிக்கப்பட்டிருந்த குறைந்தபட்சத் தடிமனுக்கும் கீழே தேய்ந்திருந்தது தெரியவந்தது. டிஸ்க்குகளையும் மாற்ற வேண்டும். எங்கள் பட்டியலில் இல்லாத வேலை அது.

இந்தக் காரில் ஒவ்வொரு டிஸ்க்கும், சக்கரம் மாட்டப்படும் மையப் பகுதியான ஹப்போடு இரண்டு எம்6 திருகுகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. தட்டையான தலையும் கூட்டல் குறிப் பள்ளமும் கொண்ட சிறு திருகுகள் அவை. பிரேக்கின் விசையைத் தாங்குவது அவற்றின் வேலையன்று; சக்கரத்தை மாட்டிய பின் வீல் நட்டுகளே டிஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. கையேட்டின்படி அவற்றை இறுக்க வேண்டிய அளவு 10 நியூட்டன் மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆனால் பிரேக்கின் வெப்பமும் சென்னையின் மழைநீரும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து அவற்றைத் துருவால் பற்றவைத்தது போல் ஆக்கியிருந்தன.

நண்பரிடம் இருந்தது வீட்டில் எல்லோரிடமும் இருக்கும் 2ஆம் நம்பர் ஸ்க்ரூ டிரைவர். அந்தத் திருகின் பள்ளம் 3ஆம் நம்பருக்கானது. சற்றுச் சிறிய முனை பள்ளத்தின் அடிவரை சென்று நிறையாமல் ஆடியது. பலம் கொடுத்தவுடன் மேலே வழுகி, பள்ளத்தின் விளிம்புகளைச் சீவியெடுத்தது. இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். கூட்டல் பள்ளமும், நமக்குப் பழக்கமான ஃபிலிப்ஸ் பள்ளமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், மூலைகளின் வளைவில் வேறுபடுகின்றன. ஃபிலிப்ஸ் முனை ஜே.ஐ.எஸ். பள்ளத்தில் முழு ஆழத்துக்கு இறங்காது. ஜப்பானிய கார், பைக் எதிலும் திருகுகள் எளிதில் மழுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுநாள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலுள்ள கடை ஒன்றுக்குச் சென்றோம். விஷயத்தைச் சொன்னதும் அங்கிருந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "தலை முழுசாப் போயிடுச்சா தம்பி, பாதி இருக்கா?" என்பதுதான். இரண்டில் ஒன்று பாதியாவது மிச்சமிருக்கிறது என்றோம். சுத்தியலால் அடித்துத் திருப்பும் கை இம்பாக்ட் டிரைவர் ஒன்றை எடுத்து வைத்தார். காற்றுக் குழாயோ மின்சாரமோ தேவைப்படாத, தடித்த உலோக உருளை. பின்புறத்தில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் சரிவுப் பாதை அந்த அடியைச் சிறு சுழற்சியாக மாற்றுகிறது. அதே அடி முனையைப் பள்ளத்துக்குள் அழுத்தவும் செய்வதால் வழுகல் நின்றுவிடுகிறது. "லெஃப்ட் சைடுல செட் பண்ணிட்டு அடிங்க, இல்லன்னா இன்னும் டைட்டாயிடும்" என்று அவர் சொன்னது சம்பிரதாயமான எச்சரிக்கை அன்று. அந்தக் கருவி இரு திசையிலும் இயங்கக்கூடியது, பெட்டியிலிருந்து எந்தத் திசையில் வெளிவரும் என்று சொல்ல முடியாது.

முதல் திருகு ஒருசில அடிகளிலேயே இளகியது. இரண்டாவதன் பள்ளம் வெறும் குழியாகிவிட்டிருந்ததால், அதன் தலையை மட்டும் டிரில்லால் குடைந்து எடுக்க வேண்டியிருந்தது. தலை போனதும், டிஸ்க்கிலேயே அதற்கென்று விட்டிருக்கும் இரண்டு எம்8 மரைத் துளைகளில் போல்ட்டுகளை மாறி மாறி முடுக்க, டிஸ்க் 'டப்'பென்று ஹப்பை விட்டு வெளியே வந்தது. மிச்சமிருந்த திருகுத் தண்டை வைஸ் கிரிப்பால் பிடித்து எளிதாகத் திருகி எடுத்தாயிற்று. வலப்புறச் சக்கரத்தில் தொடக்கத்திலிருந்தே இம்பாக்ட் டிரைவரையும் 3ஆம் நம்பர் முனையையும் பயன்படுத்தியதால் இரண்டு திருகுகளும் சேதமின்றி வந்தன.

நண்பர் வாங்கவிருந்த அந்தப் பெரிய பெட்டியின் உருப்படிப் பட்டியலைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். கூட்டல் முனைகள் மட்டும் ஏழெட்டு இருந்தன. இம்பாக்ட் டிரைவர் இல்லை, டார்க் ரெஞ்ச் இல்லை, ஸ்டாண்டு இல்லை.

வாங்காமல் விட்டவை

காலிப்பர் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளத் தனிக்கருவி வேண்டாம். பழைய பேடு ஒன்றை வைத்து சி-கிளாம்ப்பால் மெதுவாக அழுத்தினால் போதும். ஆயில் ஃபில்டருக்கு மட்டும், ஹோண்டாவின் 65 மி.மீ. ஃபில்டரில் தொப்பிபோல் கவிழும் கப் ரெஞ்ச் தனியாக வாங்கப்பட்டது. சங்கிலி வகையும் பட்டை வகையும் எல்லா ஃபில்டருக்கும் ஆகும் என்பார்கள். இடுக்கான இடத்தில் எதற்கும் ஆவதில்லை. அந்தத் தொப்பியும் கழற்றுவதற்குத்தான். புதிய ஃபில்டரை, ரப்பர் வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று, கையாலேயே முடுக்க வேண்டும்.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கைப் படிக்கும் மலிவான புளூடூத் ஓ.பி.டி. கருவி பற்றியும் கேட்டார். கார் தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து பதியும் முறையே ஓ.பி.டி.; இந்தியாவில் அதன் இரண்டாம் கட்டம் கட்டாயமானது 2013 ஏப்ரலில். 2011ஆம் ஆண்டுக் காரில் எல்லாத் தகவலும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இ.எல்.எம்.327 என்ற சில்லின் பெயரில் சந்தையில் உள்ள இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பவை அசல் சில்லின் நகல்கள் என்பதும், சில கட்டளைகளுக்கு அவை பதிலளிப்பதில்லை என்பதும் இன்னொரு காரணம். அதற்குப் பதிலாக ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்கினார். ஓய்வில் 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.7 வரையிலும் காட்டினால் பேட்டரியும், அதை மின்னேற்றும் ஆல்டர்னேட்டரும் பெரும்பாலும் நலம்.

முன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரெஸரை வாங்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. அந்த வேலை ஒர்க்‌ஷாப்புக்கு உரியது. ஏர் பேக் தொடர்பான எதுவும் அப்படியே. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதற்கில்லை. 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் அதுவும் அபாயக் கழிவுதான். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயிலை மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப் ஒன்றிடம் ஒப்படைக்கிறார்.

டார்க் ரெஞ்சைச் சரிபார்த்தல்

ஓராண்டு அல்லது 5000 சொடுக்கு, எது முதலில் வருகிறதோ அப்போது டார்க் ரெஞ்சை அளவுத்திருத்தம் செய்ய வேண்டும் என்பது தொழிற்சாலைகளுக்கான வழிகாட்டல். ஆண்டுக்குச் சில பத்து முறை மட்டுமே பயன்படும் கருவிக்கு ஒவ்வோர் ஆண்டும் அளவுத்திருத்தக் கூடத்துக்குக் கட்டணம் கட்டுவது பொருந்தாது என்று நண்பர் கருதினார், நானும் மறுக்கவில்லை. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கிவைத்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளராமல் இருக்கும். நட்டுகளைக் கழற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அவர் விடாமல் கடைப்பிடிக்கிறார்.

ஆனாலும் கருவி சரியாகத்தான் இருக்கிறதா என்ற ஐயத்தை வீட்டிலேயே ஓரளவு தீர்த்துக்கொள்ள முடியும். ரெஞ்சின் சதுர முனையை மேசை வைஸில் இறுக்கி, கைப்பிடி தரைக்கு இணையாக நீட்டியிருக்க, அந்தச் சதுர முனையிலிருந்து 30 செ.மீ. தொலைவில் கைப்பிடியின் மீது 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உருவாவது ஏறக்குறைய 59 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடை ஒன்று அல்லது இரண்டு நியூட்டன் மீட்டரைக் கூட்டும். குடிநீர் கேனைப் பயணப்பெட்டித் தராசில் நிறுத்து, நீரைக் கூட்டிக் குறைத்து 20 கிலோவுக்குக் கொண்டுவந்து நண்பர் இதைச் செய்தார். 55இல் அமைத்தபோது கேனை விட்டவுடன் சொடுக்கியது. 66இல் அமைத்தபோது சொடுக்கவில்லை. 4 விழுக்காட்டுத் துல்லியத்தை இந்தச் சோதனையால் மெய்ப்பிக்க முடியாது. கீழே விழுந்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ கெட்டுப்போன ரெஞ்சை அடையாளம் காண இது போதும் என்பதால், ஒவ்வொரு பிரேக் வேலைக்கு முன்பும் அவர் இதைச் செய்துகொள்கிறார்.